டேப்பு அக்கா ஒப்பிக்காத பாடம்

மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் டேப்பு அக்கா என்றே அழைத்தார்கள். ஒருமுறை காதில் விழுந்ததைப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள் என்பதால் வந்த பெயர். சிறுவயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, தம்பிகளை அனுப்பினார்கள். அவர்கள் உரக்கப் படித்ததையெல்லாம் பாத்திரம் துலக்கியபடியே மனத்தில் ஏற்றிக்கொண்டு, அவர்கள் திணறும்போது அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பாள். அதனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது வீட்டில் யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

சலவைக்கூடத்திலும் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. விரிப்புகளின் ஓரத்தில் வார்டுக்கு ஒரு நிறத்தில் நூல் தைத்திருந்தார்கள். பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு கைப்பிடி. திருப்பினால் சுற்றும், இல்லையென்றால் நிற்கும். பிறகு புதிய இயந்திரம் வந்தது. அதன் நெற்றியில் ஒரு சிறு திரை. கோளாறு என்றால் எழுத்தில் சொல்லும். படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி இயந்திர வேலை, மற்றவர்கள் பிரிப்பு மேசைக்குப் போக வேண்டியது என்று மேற்பார்வையாளர் அறிவித்தார். இரத்தமும் வாந்தியும் தோய்ந்த துணிகளைக் கையால் பிரித்துப் போடும் இடம் அது. அங்கிருந்து வெளியே வருபவர்கள் சோற்றில் கைவைக்கவே நேரமாகும்.

அந்தச் சமயத்தில்தான், வயது வந்தோர் அனைவருக்கும் எழுத்தறிவு என்ற அரசுத் திட்டத்தின்கீழ் சலவைக்கூடத்துக்கும் ஒரு வகுப்பு வந்தது. முதல் ஷிப்ட் முடிந்ததும், துணி உலர்த்தும் அறையில் இரும்புச் சட்டத்தின்மேல் கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் பாடம் நடத்தினாள். வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்திருந்த தொண்டாசிரியை. வகுப்பில் அவளை ‘டீச்சர், நீங்க’ என்று மரியாதையாகப் பேசிய டேப்பு அக்கா, வாசலைத் தாண்டியதும் ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று கேட்பாள்.

முதல் பாடத்திலிருந்தே டேப்பு அக்காவுக்கு ஏறுமுகம்தான். டீச்சர் ஒருமுறை வாசித்தால் போதும். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு மளமளவென்று படித்துவிடுவாள். இஸ்திரி போடும் பெண் இன்னும் இரண்டாம் பக்கத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கோ பெருமை பிடிபடவில்லை.

குட்டு வீட்டில் உடைந்தது. சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவர் ஓரளவு படித்தவர். ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து மழைப் பாடத்தை உரக்கப் படித்தாள். ஈரக் கையால் புரட்டியதில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டன. அவள் நிறுத்தாமல் மழையைத் தொடர்ந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“படத்துல பஸ் போகுது. நீ இன்னும் மழையையே படிக்கிறே. சீக்கிரம் ஏறு, நனைஞ்சிடப்போறே.”

சொல்லிவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பேருந்துப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பார்த்தாள். பழகிய முகங்கள்தாம், வரிசை மாறி நின்றதும் ஒன்றின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை நாளும் தான் படித்தது படிப்பே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே மதிப்பீட்டு அலுவலர் வரப்போகும் செய்தி வந்தது. எல்லோரும் தேறிவிட்டால், சலவைக்கூடம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்படும். சான்றிதழ் கொடுத்துவிட்டு வகுப்பை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். எல்லோர் சார்பிலும் படித்துக்காட்ட டேப்பு அக்காவையே டீச்சர் நிறுத்தியிருந்தாள். அதாவது, நன்றாக ஒப்பித்தால் வகுப்பு போய்விடும். கையில் சான்றிதழ் இருந்தும், திரையைப் படிக்க முடியாமல் அவள் பிரிப்பு மேசைக்குப் போவாள்.

மறுநாள் வகுப்பு கலைந்த பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சரிடம் போய் நின்றாள்.

“டீச்சர், எனக்குப் படிக்க வரலை.”

டீச்சர் நம்பவில்லை. மழைப் பாடத்துச் சொற்களையே இடம் மாற்றி எழுதிக் காட்டினாள். டேப்பு அக்கா ஒவ்வொரு எழுத்திலும் விரலை வைத்துத் தடுமாறினாள். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று.

“நாளைக்கு மட்டும் ஒப்பிச்சிடுங்கக்கா. மழைப் பாடம்தான் கேப்பாரு, நான் சொல்லி வச்சிருக்கேன். அப்புறம் நானே வீட்டுக்கு வந்து சொல்லித் தரேன்.”

“அப்புறம்னா எப்போ கண்ணு? உனக்கு ஆர்டர் வந்தா நீ கிளம்பிடுவே.”

டீச்சர் பலகையைத் திரும்பவும் துடைத்தாள்.

அலுவலர் வந்தார். களைத்த, நல்ல சுபாவமுள்ள மனிதர். புத்தகத்தில் மழைப் பாடத்தை எடுத்து நீட்டினார். முதல் வரி அவள் தொண்டைவரை வந்து நின்றது. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பு அக்கா புத்தகத்தை மூடினாள்.

“ஐயா, இது எனக்கு மனப்பாடம். தலைகீழாப் புடிச்சாலும் சொல்லிடுவேன். நான் படிக்கிறதைப் பாக்கணும்னா வேற ஏதாவது குடுங்க.”

அலுவலர் சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டினார்.

“அதுவும் தெரியும். ஈரக் கையால சுவிட்சைத் தொடாதேன்னு இவர் தினமும் கத்துறாரே” என்று மேற்பார்வையாளரைக் காட்டினாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அலுவலர் எழுந்துபோய்த் தாமே கரும்பலகையில் ‘நாளை கடை திறக்கும்’ என்று எழுதினார். அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டு ‘நாளை’யைப் பிடித்தாள், ‘கடை’யையும் பிடித்தாள். மூன்றாவது சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுபோனாள். அலுவலர் மற்றவர்களையும் அப்படியே எழுதிக் கேட்டுப் பார்த்தார், பலரும் தடுமாறினார்கள். அன்றைக்கு அறிவிப்பு இல்லை. வகுப்பை இன்னொரு பருவத்துக்கு நீட்டிக்கச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

அதற்காக யாரும் அவளைக் கொண்டாடவில்லை. சான்றிதழ் தவறிய எரிச்சலில் இஸ்திரிக்காரி, உண்மை பேசுவதற்கு உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அக்கா என்று வாய் நிறைய அழைத்த டீச்சர் சில நாட்கள் ‘அம்மா’ என்று விலகிப் பேசினாள். ஆனால் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொண்டாள். புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, தினமும் யாரும் கேட்டிராத சொற்களைப் பலகையில் எழுதினாள். அவற்றில் டேப்பு அக்காவின் ஞாபகசக்தி ஒன்றுக்கும் உதவவில்லை. இஸ்திரிக்காரியே அவளை முந்தினாள். மேற்பார்வையாளரும் சொன்னபடி அவளைப் பிரிப்பு மேசைக்கு அனுப்பினார். கையுறையைக் கழற்றிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள்.

பருவம் பாதி தாண்டியதும் தானாகவே போய், தன்னை இயந்திரத்தில் போடச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவர் அவளைப் புதிய இயந்திரத்தின்முன் நிறுத்தினார். சற்று நேரத்தில் இயந்திரம் முனகி நின்றது; திரையில் எழுத்துகள் வந்தன. அவள் நெருங்கிப் போய் ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

“வ… டி… வடி… கட்… டி… யை… வடிகட்டியைச்… சுத்… தம்… செய்… யவும்.”

“இந்த வேகத்துல படிச்சா துணி தானாவே காஞ்சிடும்” என்றார் மேற்பார்வையாளர்.

“காயட்டும் சார். கரண்டு மிச்சம்.”

அதற்குள் அவள் குனிந்து, அடிப்பக்க மூடியைத் திறந்து, வடிகட்டியில் அடைத்திருந்த பஞ்சை வழித்து எடுத்துவிட்டிருந்தாள். மேற்பார்வையாளர் மறுநாளிலிருந்து இரண்டாம் ஷிப்டுக்கு அவளை இயந்திரத்தில் போட்டார். வகுப்பு நேரத்தோடு அது மோதியதால், முதல் ஷிப்ட்தான் வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்று வாங்கிக்கொண்டாள்.