கிழக்குக் கரையும் மேற்குக் கரையும்

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கட்டடங்களில் எல்லோருக்கும் 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மேல கீழ போறதுக்கே பொழுது சரியா இருக்கு" என்பார். பள்ளியில் புவியியல் நடத்தும் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தார்.

அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. முதலில் கதவு நிலையில் தோள் இடித்தது. பிறகு வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் கரைந்தன. மருத்துவர் மழுப்பவில்லை. போனது திரும்பாது, இருப்பதும் நிற்காது என்று சொல்லிவிட்டார். அலுவலக வேலைக்கு மாறிக்கொள்ளும்படி பள்ளியில் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

"தடவிப் பார்க்கிற மாதிரி வரைபடம் இருந்தா, நான் வகுப்பை விடமாட்டேன்" என்றார் அக்கா.

தம்பி பின்னறையில் ஒரு சிஎன்சி ரூட்டரைக் கட்ட ஆரம்பித்தார். கணினி சொல்லும் வழியில் தானே நகர்ந்து மரத்தை வெட்டும் இயந்திரம். கழித்துப்போட்ட இரும்புச் சட்டங்கள், உருளைகள், இரண்டு நீளத் திருகுகள், சுழலும் வெட்டுமுனையோடு ஒரு மோட்டார். பார்க்கக் கட்டில் கால் உடைந்து கிடப்பது போல இருந்தாலும் ஓடியது.

முதலில் ஒரு தீவை வெட்டினார். நடுவில் மலை, மலையிலிருந்து இறங்கும் ஆறு. ஆனால் விளிம்பெல்லாம் எலி கரண்டியது போல இருந்தது. தடவிய அக்காவின் விரலில் சிராய் ஏறியது. பல்லால் கடித்துப் பிடுங்கிப்போட்டார்.

"இந்தத் தீவுல ஆளுங்க இருக்காங்கடா. ஈட்டி வெச்சிருக்காங்க."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டுமுனையை மாற்றினார். மோட்டாரின் வேகத்தைக் கூட்டினார். நகரும் வேகத்தைக் குறைத்தார்; விளிம்பு கருகியது. பலகையையே மாற்றினார். ஒருநாள் தேவலை போலிருக்கும், மறுநாள் பழையபடி ஆகும். வேலை முடிந்து வந்தால் நேராகப் பின்னறைதான். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே போனது.

ஒரு விடுமுறை நாள் மதியம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இப்போ என்ன மாத்தின?"

"வெட்டுற பிட்டு, வேகம், பலகை, எல்லாம்தான்."

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா, எது கெடுக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"மெஷினைப் பத்தி உனக்கென்னக்கா தெரியும்? ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டிருக்க நேரமில்லை. உன் கண்ணு அதுவரைக்கும் காத்திருக்குமா?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சை இருவரும் அதுவரை எடுத்ததில்லை. தம்பி திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கண்ணு எனக்குப் போகுது. அவசரம் உனக்கா?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "தீவு வேணாம். புது பிட்டைப் போட்டு ஒரு வெறும் சதுரம் வெட்டு."

வெட்டிக் கொடுத்தார். அக்கா அதை இயந்திரத்தில் இருந்த திசை மாறாமல் மேஜைமேல் வைக்கச் சொல்லி, விரலை மெல்ல ஓட்டினார்.

"வடக்கும் தெற்கும் வழவழன்னு இருக்கு. கிழக்குலயும் மேற்குலயும்தான் குட்டிக் குட்டியா அலை."

கிழக்கு, மேற்கு விளிம்புகள் என்றால் முன்னும் பின்னுமாக நகரும்போது வெட்டப்பட்டவை. தம்பி உடனே அந்தத் திசைக்கான திருகைக் கழற்றிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் தன் தொழில் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் மேலே போகும்போது ஆடுகிறது என்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவன் மேலே இழுக்கும் கம்பியைப் பார்ப்பான். கோளாறோ பக்கவாட்டில், லிஃப்ட் பெட்டி தண்டவாளத்தைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும். எழுந்து வெட்டும் மோட்டாரைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தார். மயிரிழை ஆட்டம். குறுக்குச் சட்டத்தில் அதைத் தாங்கும் உருளைகள் தளர்ந்திருந்தன. இறுக்கினார். வேறெதையும் தொடாமல் இன்னொரு சதுரம் வெட்டினார்.

அக்கா நான்கு பக்கமும் தடவினார். மறுபடி தடவினார். "இது சரி" என்றார்.

தீவு மட்டும் உடனே தேறவில்லை. "கடற்கரை இவ்வளவு வழவழன்னா இருக்கும்? கோப்பை விளிம்பு மாதிரி இருக்கேடா" என்று திருப்பிக் கொடுத்தார். தம்பி கணினிப் படத்தில் சோம்பலாக நேராக்கியிருந்த வளைவுகளை மறுபடி வரைந்தார்.

வகுப்பில் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றில் விரல் விட்டுக் கடலைத் தேடினார்கள். அலுவலக வேலைப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. பலகைகள் பெருகி, வகுப்பறை அலமாரி நிறைந்தது.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அக்கா சொன்னார்: "ஜன்னல் வெளிச்சமும் போயிடுச்சு."

"எப்போ?"

"போன வாரம்."

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா நீ போய் மெஷினைப் பிரிச்சுப் போட்டிருப்பே."

அன்று தம்பி பின்னறைக் கதவைத் திறக்காமல், அக்காவோடு கடைத்தெருவின் கோடி வரை நடந்துவிட்டு வந்தார்.