மாமா பொருத்திய சவுண்ட் கார்டு

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், எது பழுதானாலும் நான் முதலில் சந்தேகப்படுவது மாமாவைத்தான். மாமா, அம்மாவின் தம்பி. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தார். "ரெண்டே நாள்ல சரி பண்ணித் தரேன்" என்று என் வீடியோ கேமை வாங்கிக்கொண்டு போனவர். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் அது திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவதாம்?

அம்மா திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். ஆண்டு விழாவில் அம்மா மைக்கைப் பிடித்தால், கடைசி வரிசையில் ஊர்க்கதை பேசும் அப்பாக்கள்கூட வாயை மூடிவிடுவார்கள். சென்னையில் குழந்தைகளுக்குக் கதை ஒலிப்பதிவு செய்யும் ஒரு நிறுவனம் குரல் தேடுகிறது என்று மாமாதான் கண்டுபிடித்து வந்தார். பத்து நிமிடக் கதை ஒன்றை இரைச்சலே இல்லாமல் பதிவு செய்து, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் மாதத்தில் பத்து நாள் சென்னையில் வேலை. "போயிட்டு வாயேன், நான் என்ன தடுக்கவா போறேன்?" என்றார் அப்பா. அன்று முழுக்க அம்மா பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் குரலுக்குப் பின்னால் எண்ணெய் காய்வது போல ஒரு சத்தம் வந்தது. அதற்காக, மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து மாமா ஒரு சவுண்ட் கார்டு வாங்கி வந்தார். கார்டோ பழசு, கம்ப்யூட்டரோ புதுசு. இரண்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டிலேயே தங்கினார். கேபினெட்டின் மூடியைக் கழற்றிக் கார்டைச் செருகினார். வரவில்லை. என் ரப்பரைப் பிடுங்கி, கார்டின் தங்க நிறப் பற்களைத் தேய்தேய் என்று தேய்த்து மறுபடி செருகினார். அப்போதும் வரவில்லை. ரப்பர் கரியானதுதான் மிச்சம். "பழைய கார்டு இல்லியாக்கா, கொஞ்சம் தாஜா பண்ணித்தான் வழிக்குக் கொண்டுவரணும்" என்றவர், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த சவுண்டை அணைத்துவிட்டு நான்கு விதமான டிரைவர் சாஃப்ட்வேர்களைப் போட்டுப் பார்த்தார். எனக்கென்னவோ, இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்றே பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார்டு வழிக்கு வந்தது. அம்மா இரண்டே வரி படித்தாள். மாமா அதைப் போட்டுக் காட்டினார். அடேயப்பா! காதுக்குள்ளேயே உட்கார்ந்து அம்மா பேசினாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா பால் வாங்கக் கிளம்பினார். பால் காலையிலேயே வாங்கியாயிற்று.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டருக்குக் கார்டு இருப்பதே தெரியவில்லை. மாமா திறந்து பார்த்தால், கார்டு ஸ்லாட்டை விட்டு ஒரு பக்கம் எழும்பியிருந்தது. அழுத்தி, எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு டியூஷன் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வியாழக்கிழமையும் அச்சு அசல் அதே கதை. "நாளைக்கு மதியம் அரை நாள் லீவு போட்டுட்டு வரேன்டா, பகல்ல தெரு அமைதியா இருக்கும்" என்றாள் அம்மா. அதுவரை சும்மா சாத்தி வைத்திருந்த மூடிக்கு மாமா இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்.

அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. அவர் முடுக்கிய ஸ்க்ரூவின் தலையில் பிளஸ் குறி எப்போதும் நேராக நிற்கும். எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டுகளில் எதை வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒன்று சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. "உன் தம்பி லட்சணத்தப் பாரு. நாலு போடுற இடத்துல ரெண்டு, அதுவும் ஆளுக்கொரு பக்கம் பார்க்குது" என்றார். மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. கார்டு தானாக எழும்புமா என்ன? யாரும் பார்க்காத நேரத்தில் மாமாதான் அதைத் தூக்கிவிட்டு, பிறகு சரிசெய்வது போல நடித்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்று ராத்திரி அம்மாவின் தையல் நூலில் ஒரு துண்டை மூடியின் இடுக்குக்குக் குறுக்கே வைத்து, இரு முனையிலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டேன். மதியம் அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து கதைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா கம்ப்யூட்டரைப் போட்டார். மறுபடியும் அதற்குக் கார்டு இருப்பது தெரியவில்லை. நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். நூல் அறுந்திருந்தது.

"மாமாதாம்மா! மாமாதான் தெனமும் கழட்டி விடுறாரு! நூலப் பாரு!"

"ஐயையோ, சத்தியமா நான் தொடவே இல்லக்கா" என்று மாமா ஸ்க்ரூடிரைவரோடு கேபினெட் முன்னால் மண்டியிட்டார். மூடியைப் பார்த்தவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவும் குனிந்து பார்த்தாள். ஒரு விரலால் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா, வாசலில் செருப்பு மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"திறக்கட்டுமாக்கா? இன்னும் நேரம் இருக்கு."

"வேண்டாம்டா. விடு. போதும்."

மணி ஒன்றரைகூட ஆகவில்லை. அம்மா கதைத்தாளை நான்காக மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களைந்தாள். அந்த நேரத்துக்கு யாராவது அரிசி களைவார்களா? எனக்கோ தலைகால் புரியாத பெருமை, திருடனைப் பிடித்துவிட்டேன் என்று. மாமா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் கையில் ஒரு புது ரப்பரைத் திணித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் பாரேன் என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்தால் உண்டு. ஒரு தடவைகூட அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது நினைத்தால் அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

அன்று அந்த மூடியை நானும்தான் பார்த்தேன். இரண்டு அல்ல, நான்கு ஸ்க்ரூ. நான்கின் தலையிலும் பிளஸ் குறி கோடு போட்டாற்போல நேராக நின்றது. பரவாயில்லையே, அப்பா திட்டியதில் மாமா ஒரு வேலையாவது ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டாரே என்று நினைத்தேன்.