எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

"…சந்தனம் வெச்சதால ஒரு மிசினு செத்துப்பூடும்னா, நம்ம ரோட்டுல ஒரு லாரிகூட ஓடக்கூடாது தம்பி" என்று சொல்லிக்கொண்டே அக்கா பஸ்ஸில் காலை ஒடுக்கி என் அட்டைப்பெட்டிக்கு இடம் கொடுத்தார்.

பெட்டிக்குள் இருந்தது எங்கள் கம்பெனியின் பழைய எடைமேடைக் கம்ப்யூட்டர். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி. நான் எலக்ட்ரீஷியன், அக்கா பதினொரு வருஷம் எடைமேடையில். லாரி வந்து மேடைமேல் நின்றால் நம்பரை அடித்து எடைச்சீட்டு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. காலையில் வந்ததும் சதுரமான கறுப்பு ஃபிளாப்பி ஒன்றைச் செருகுவார். அதைப் போட்டால்தான் மிஷின் கண் திறக்கும்.

ஆயுதபூஜைக்கு நாங்கள் மோட்டாருக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைப்போம். அக்கா ஃபிளாப்பிக்கு வைப்பார். "டப்பா வெறும் ஒடம்பு. உசுரு இதுலதானே கீது?" என்பார். பத்து வருஷம் சின்னப் பொட்டுதான். போன பூஜைக்கு, மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மூன்று விரலால் ஈரச் சந்தனத்தை இழுத்துவிட்டார். மறுபடி கம்பெனி திறந்த அன்று மிஷின் எழுந்திருக்கவில்லை. மாற்று ஃபிளாப்பி போட்டும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் பொட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். புதுக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே புது ஆளும் வந்தார். அக்காவை வாசல் கேட்டுக்கு அனுப்பி, நோட்டில் லாரி நம்பர் எழுத வைத்தார்கள். பொட்டு வைத்தே மிஷினைக் கொன்றவர் என்று லாரி டிரைவர்கள்வரை பேர் பரவிவிட்டது.

நான் படித்தது ஐ.டி.ஐ. கம்ப்யூட்டரெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றது. பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். ஸ்டோரில் கிடந்த அந்த மிஷினைக் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். கரண்டு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. அதற்குமேல் என் எலக்ட்ரீஷியன் புத்தி போகவில்லை. திருவள்ளூர் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் பழைய கம்ப்யூட்டர் திருவிழா என்று கேள்விப்பட்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, அக்கா தானாக வந்து ஒட்டிக்கொண்டார். கைப்பையில் அந்த ஃபிளாப்பி, மஞ்சள் துணியில் சுற்றி.

"என்னால செத்துச்சா, தானா செத்துச்சான்னு தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும். கேட்ல நிக்கறது பேஜாரு இல்ல தம்பி. கொலகாரின்ற பேரோட நிக்கறதுதான் பேஜாரு."

பெரியபாளையத்தில் பஸ்ஸிலிருந்தபடியே அம்மனை ஒரு கும்பிடு போட்டார்.

"மிஷினுக்கா, உங்களுக்காக்கா?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்துதான். பஸ் டிக்கெட்டா இது, ஆளுக்கு ஒண்ணு வாங்க?"

காலேஜ் ஹாலில் மேசை மேசையாக மிஷின்கள். ஒருவர் டேப் ரெக்கார்டரிலிருந்து கேம் ஏற்றிக்கொண்டிருந்தார், அது கொசுக்கூட்டம்போல இரைந்தது. பச்சை எழுத்துத் திரைகள், டி.வி.யில் மாட்டிய கீபோர்டுகள். எனக்கு நாலு நாள் கொடுத்தாலும் போதாத இடம். அன்றைக்கு எதையும் நின்று பார்க்கவில்லை.

"திருவிழான்னியே, ஒரு பொரி கடலைகூட காணோம்" என்றார் அக்கா. "ஆம்பளைங்க எல்லாம் பொண்ணு பார்க்க வந்தாப்போல டப்பாவையே பார்த்துக்கினு கீறானுங்க."

மூலையில் ரிப்பேர் மேசை. அங்கே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். ஃபிளாப்பியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"இன்னாம்மா இது, பிரசாதமா?"

அக்கா சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அவர் மிஷினைத் திறந்து, ஃபிளாப்பியைப் படிக்கிற தலையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு பஞ்சு, அதுவும் மஞ்சள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்ப நான்தான்" என்றார் அக்கா.

"நீங்கதாம்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "தலை அழுக்கா இருந்தா எந்த ஃபிளாப்பி போட்டாலும் படிக்காது. ஆனா செத்துச்சின்னு எவன் சொன்னான்? கண்ணுல பீளை கட்டிக்கினா செத்துட்டதா அர்த்தமா?"

இதை நான் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவைத்துக்கொண்டேன்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து ஃபிளாப்பியின் உறையை ஓரமாக வெட்டினார்.

"ஐயோ, வயித்தக் கிழிக்கிறாரே!"

"சிசேரியன்மா. தாயும் சேயும் நலமா வரும்."

உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டத்தகடு வழுக்கிக்கொண்டு வந்தது. வராண்டாக் குழாயில் ஒரு சொட்டு சோப்பு விட்டு அதைக் கழுவினார், கைக்குட்டையில் ஒற்றினார், விசிறிக்குக் கீழே காட்டினார். ஒன்றுக்கும் உதவாத வேறொரு ஃபிளாப்பியின் உறைக்குள் நுழைத்தார். பக்கத்து மேசையில் திரை இரவல் வாங்கி மாட்டி, ஃபிளாப்பியைச் செருகி, சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. கர், கர் என்று தொண்டையைச் செருமியது. செருமிக்கொண்டே இருந்தது. அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் லாரி நம்பர் கேட்டுப் பச்சை எழுத்து வந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால், யோசிக்காமல் ஒரு நம்பரை அடித்தார்.

"யார் லாரிக்கா?"

"மிசினு படுத்த அன்னிக்கு மேடைமேல ஏறி நின்னுக்கினு இருந்தானே, அவனுது. சீட்டு குடுக்காமயே அனுப்பிச்சேன்."

"எடை சைபர்னு காட்டுதேக்கா."

"சைபர்தான் வரணும். லாரி எங்க கீது இங்க?"

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தார். வழுக்கைத் தலைக்காரர் இரண்டு உள்ளங்கையாலும் மிஷினில் ஃபிளாப்பி செருகும் வாயை மூடினார். "அம்மா, வேணாம்மா." நானும் எழுந்துவிட்டேன்.

அக்கா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "பயந்தாங்கொள்ளிங்க" என்று சொல்லி, புடவையை ஒதுக்கிக் குனிந்து, மேசையின் இரும்புக் காலில் ஒரு பொட்டு வைத்தார்.