குழிக்கு அளவெடுத்து வாங்கிய பம்பு

எது கைக்கு வந்தாலும் தையல்காரம்மா முதலில் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவார். சட்டை, தலையணை உறை, குடை, பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகக் கொண்டுவந்து காட்டிய புதுக் கைப்பை, எதற்கும் விலக்கில்லை. "வெளியில எல்லாம் பளபளன்னுதான் இருக்கும். உள்ள எப்படி மடிச்சிருக்கான்னு பாக்கணும்" என்பார். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலரில் நூல் தொங்கினால் கேட்காமலே கத்தரித்துவிடுவார். அவர் திரும்புவதற்குள் கத்தரிக்கோல் பைக்குள் போயிருக்கும். தையல்காரம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனித்துக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பத்து மூன்று. கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகள். ஊசி வாயில் இருக்கும்போது அவருடைய பாஷை 'ம்' ஒன்றுதான். ஒரு 'ம்' என்றால் கையைத் தூக்க வேண்டும், இரண்டு 'ம்' என்றால் வயிற்றை எக்காமல் நிற்க வேண்டும். எக்கியவர்களை அவர் விடமாட்டார். ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "மூச்சைப் புடிச்சுக்கிட்டு அளவு குடுப்பீங்க. நாளைக்கு சாப்பிட்டுட்டு வந்து இறுக்குதும்மான்னு என்கிட்டதானே நிப்பீங்க?" என்று நியாயம் கேட்பார்.

அவர் தைக்கும் அறை வீட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. தெருவிலிருந்து பன்னிரண்டு படி இறங்க வேண்டும். மேலே ஒட்டினாற்போல் ஒரு நீள ஜன்னல். அதில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே யார் வருகிறார்கள், துணி வாங்க வருகிறார்களா, குறை சொல்ல வருகிறார்களா என்பதுவரை சொல்லிவிடுவார். வெயில் நாளில் அது குளுகுளுவென்று அருமையான அறை. மழை பிடித்துக்கொண்டால் மட்டும் தரைக்கடியிலிருந்து தண்ணீர் ஊற ஆரம்பித்துவிடும். அறை மூலையில் அவருடைய வீட்டுக்காரர் ஒரு குழி தோண்டி, சுற்றிலும் சிமெண்ட் பூசிக் கொடுத்திருந்தார். ஊறுவது அத்தனையும் அதில் வந்து சேரும். சேர்ந்ததை ஒருவர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் குழி நிரம்பி வழிந்து, தையல் மெஷின் மோட்டார், துணிச் சுருள்கள், ஊரார் நம்பிக் கொடுத்த உருப்படிகள் எல்லாம் நனையும்.

அந்த ஒருவர் பதினோரு வருடமாகத் தையல்காரம்மாதான். வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். விடிவதற்கு முன்பே போய்விட்டு மதியம் வருவார், வந்ததும் படுப்பார். அவர் தூங்கும்போது வீட்டைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் வைத்தாலும் தெரியாது. ஆகவே மழைக்காலத்தில் அம்மா வெளியூரில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. சொந்தத் தம்பி கல்யாணத்திலேயே பாதிச் சாப்பாட்டில் வானம் கறுத்ததைப் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு பஸ் ஏறியவர். யார் கூப்பிட்டாலும் "மழை முடியட்டும், வர்றேன்" என்பதுதான் பதில்.

இந்த முறை அந்தப் பதில் அத்தனை சுலபமாக இல்லை. ஒரே மகள் பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரத்தில் இருக்கிறாள். முதல் பிரசவம். மருத்துவர் சொன்ன தேதி மழைக்காலத்தின் நட்டநடுவில் விழுந்தது. அம்மா எப்படிச் சொல்வதென்று திணறிக்கொண்டிருக்கும்போதே ஃபோனில் மகள் முந்திக்கொண்டாள். "நீ மழை முடிஞ்சே வாம்மா. குழந்தை எங்க போயிடப் போகுது?" அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூட அம்மா பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பார். அவளோ சிரித்துக்கொண்டே சொன்னாள். ஃபோனை வைத்தபிறகு அம்மா வெகுநேரம் மெஷினை மிதிக்கவில்லை.

மறுநாள் காலை பம்புக் கடையில் நின்றார்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருப்பவர். தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடந்து தானாக ஓடித் தானாக நிற்கும் பம்பு வேண்டும் என்று அம்மா சொன்னதும், இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைத் தூக்கி மேஜைமேல் வைத்து, வீட்டுக்கு என்றால் எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றார்.

"எல்லாருக்கும் ஒரே அளவு சரியா வரும்னா நான் எப்பவோ கடையைக் கட்டியிருப்பேனே" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். சட்டைக்குக் குறிப்பதுபோலவே குறித்திருந்தார். குழியின் அகலம் பதினாலு அங்குலம். ஆழம் இருபத்தொன்று. குழியின் அடியிலிருந்து தெருச் சாக்கடை வாய்வரை உயரம் ஒன்பதரை அடி. கடைசி வரி: 'கனத்த மழையில் நாலு நிமிஷத்துக்கு ஒரு வாளி.'

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அந்தக் கடைசி வரிக் கணக்கோடு ஒருவர் கடைக்கு வந்தது அவர் அனுபவத்தில் அதுவே முதல் தடவையாம். அதற்குப் பிறகு அவர் விற்பதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். இந்த ஊற்றுக்குச் சின்னதே போதும், பெரிதைப் போட்டால் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நின்றுவிடும், உடனே மறுபடி ஓடும், மறுபடி நிற்கும், மோட்டார் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்றார். அட்டைப்பெட்டியில் இத்தனை அடி உயரம் ஏற்றும் என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பக்கூடாது, அந்த உயரத்துக்குப் போனால் தண்ணீர் எட்டிப் பார்ப்பதோடு சரி, ஒன்பதரை அடிக்கு இருபதடி போட்ட பெட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். தன் சரக்கைப் பற்றித் தானே இப்படிச் சொல்கிறவரை அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் சோதிக்காமல் விடவில்லை. ஒரு பம்பில், வயர் நுனியில் பந்துபோல மிதவை தொங்கியது. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறி மோட்டாரைப் போட்டுவிடும். அம்மா அதைக் கையால் வீசிப் பார்த்து, நாடாவைப் பிடித்து அளந்தார். அது ஆடி எழும்பப் பதினாறு அங்குலம் வேண்டியிருந்தது. "என் குழிக்குள்ள இது சுவத்துல சாஞ்சு படுத்துக்கும். தண்ணி பாட்டுக்கு ஏறும், இது பாட்டுக்குத் தூங்கும். அப்படி ஒருத்தர் வீட்டுல ஏற்கெனவே இருக்காரு" என்று தள்ளிவைத்தார். அப்புறம்தான் பம்பின் விலாவோடு ஒட்டிய கூண்டுக்குள் மிதவை மேலும் கீழுமாக மட்டும் நகரும் ரகம் வெளியே வந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து, வயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்று பொத்தான் துளையைத் தடவுவதுபோல விரலால் தடவிப் பார்த்தார். தையல் அறையாயிற்றே, நூல் பிசிறு உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்டார். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டார். கரண்ட் போனால்?

"கரண்ட் போனா அதுவும் நம்மள மாதிரிதாம்மா. சும்மா உக்காந்திருக்கும்."

அன்றைக்கு வாங்கவில்லை. இரண்டாம் முறை போனபோது, பேசிக்கொண்டே கடைக்காரரின் கிழிந்த சட்டைப்பையைத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் முறைதான் பம்பு வீடு வந்தது.

வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் கம்பியோடு பிளக் பாயிண்டைத் தோள் உயரத்தில் வைக்கச் செய்தார். அம்மா வாளி வாளியாகக் குழியில் தண்ணீரை ஊற்றினார். மிதவை ஏறியது, 'டக்' என்றது, பம்பு முனகிற்று. அம்மா பன்னிரண்டு படியும் ஏறி ஓடி, சாக்கடையில் தண்ணீர் விழுவதைப் பார்த்தார். இறங்கி ஓடி, குழி வற்றுவதைப் பார்த்தார். இப்படி நாலு தடவை. பிறகுதான் விஷயம் புரிந்தது. பம்பு நின்றதும் குழாயில் நின்ற தண்ணீர் அத்தனையும் திரும்பக் குழிக்குள் இறங்கியது. மிதவை ஏறியது. மறுபடி 'டக்'.

கடைக்காரரிடம் ஃபோனில் கேட்டால், அதற்கு ஒருவழி வால்வு ஒன்று போட வேண்டும், மேலே போன தண்ணீரைக் கீழே வரவிடாது, அம்மா கேட்கவில்லையே என்றார். "நான் கேக்காம விட்டது அது ஒண்ணுதான். அதையும் நீங்க சொல்லலை" என்று அம்மா வருத்தப்பட்டார். அரை மணியில் கடைக்காரரே வால்வோடு வந்து, மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நூல் பிசிறுக்கு அம்மாவே வழி கண்டார். கம்பிக் கூடை ஒன்றுக்கு நைலான் வலையில் உறை தைத்து, மிதவையில் படாதபடி பம்பைச் சுற்றி இறக்கினார். விளிம்பை இரண்டு மடிப்பு மடித்துத்தான் தைத்திருந்தார், குழிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடவில்லை.

எல்லாம் சரியாயிற்று, நம்பிக்கைதான் வரவில்லை. முக்காலி போட்டுக் குழியருகே உட்கார்ந்துகொண்டு பொத்தான் தைத்தார். "நீ இப்படி வெறிச்சுப் பாத்தா அது எப்படி வேலை செய்யும்? கூச்சப்படாதா?" என்றார் வீட்டுக்காரர். மழை வந்த முதல் நாள் காலையில் அம்மா கையில் குவளையோடு தயாராக நின்றார். தண்ணீர் ஏறியது. 'டக்.' வற்றியது. நின்றது. அரை மணி கழித்து மறுபடி ஏறியது, மறுபடி வற்றியது. மூன்றாவது தடவை அது தன் வேலையை முடித்துக்கொண்டபோது, பதினோரு வருடம் கை தேய மொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. மதியம் வந்த வீட்டுக்காரரைப் படுக்கவிடவில்லை. "போய் டிக்கெட் எடுத்துட்டு வாங்க. கரண்ட் போச்சுன்னா மட்டும் நீங்க மொள்ளணும். முழிச்சிருக்கணும்" என்றார். வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு அலாரம் கடிகாரமும் வாங்கிவந்தார்.

பிரசவத்துக்கு மூன்று நாள் முன்பே மகள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். திறந்த மகள் முதலில் அவர் முகத்தையும் அப்புறம் பெட்டியையும் பார்த்தாள். அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. முதல் நாலைந்து நாள் அம்மா வேளைக்கு ஒருமுறை வீட்டுக்கு ஃபோன் செய்து விசாரித்தார். "ஓடுது, நிக்குது" என்பார் வீட்டுக்காரர். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது என்று ஆனதில் ஃபோன் குறைந்தது.

ஒன்பதாம் நாள் பகலில் நல்ல மழை. மகள் உள்ளறையில் படுத்தபடியே, நம் ஊரிலும் பெய்கிறதாமே, அப்பா இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கமாட்டாரே என்று குரல் கொடுத்தாள்.

"ஆமா, நேரமாகும்" என்றார் அம்மா. குழந்தையை மார்போடு அணைத்தபடி ஜன்னலருகே போய்க் கதவைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து அந்தச் சின்னக் கையை எடுத்து, மூடியிருந்த விரல்களைத் தன் விரலால் மெல்லப் பிரித்து, மழைக்கு நீட்டி, ஒரே ஒரு சொட்டை அதன் உள்ளங்கையில் வாங்கிக் கொடுத்தார்.