சுளுக்கு என்று நான் சொன்ன பொய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷன் நடத்திய ஒரு லேஸ் வகுப்பில் கூலிக்கு வேலை பார்த்தேன். தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. கணவர் இறந்தபின் எனக்கும் இரண்டு பெண்களுக்கும் அதுதான் சோறு.

ஒரு மழைக்காலத்தில் என் விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தால் மூன்று நாழிகைக்கு விரல் மடங்காது. வெயில் ஏறினால்தான் கொஞ்சம் இளகும். வாதம் என்று வெளியே தெரிந்தால் என் தலையணை வேறொருத்தி மடிக்குப் போய்விடுமே என்று பயந்தேன்.

எங்கள் பக்கம் கை கால் பிசகினால் எண்ணெய் தடவி நீவிவிடும் தடவு ஆசானிடம்தான் போவோம். நானும் போனேன். கிணற்றில் தண்ணீர் கோரும்போது சுளுக்கிவிட்டது என்று கூசாமல் சொன்னேன்.

“ரெண்டு கையிலயுமா மக்ளே?” என்று ஒரு தரம் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தி உழிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நான்காம் நாள் இரண்டு கையும் கொதித்து வீங்கிவிட்டன. கஞ்சியைச் சின்னவள்தான் ஊட்டினாள். இனி கட்டை பிடிக்கவே முடியாதோ என்று வாய்விட்டு அழுதேன்.

என்னைக் காணவில்லையே என்று ஆசானே வீடு தேடி வந்தார். புறங்கையை என் மூட்டில் வைத்துப் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அவர்கள் காது கேட்கவே, “எனக்க தப்பு. சூடுள்ள மூட்டை உழியப்பிடாது. ரெண்டு கையும் ஒருபோல சுளுக்காதுன்னு அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்” என்றார்.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். “நீ பயந்துபோய் சொன்ன. எனக்குல்லா தெரிஞ்சிருக்கணும்” என்றவர், தானே வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவரிடம் தடவிக்கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். “ஆசானுக்கும் ஆஸ்பத்திரி வேண்டி வந்தாச்சா?” என்று நக்கலாகச் சிரித்தார். “வேண்டி வந்தாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே ஆசான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் இரண்டு கையையும் பலகை வைத்துக் கட்டினார். குடிக்க மருந்து கொடுத்தார். வீக்கம் வடிகிறவரை கைக்கு ஓய்வு, பிறகு வெந்நீரில் வைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும் என்றார். எந்த மூட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆசான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அத்தனை பேர் கும்பிடும் மனிதர், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி கேட்டார்!

வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, கை தேறியதும் பெரிய கண்ணி வைத்த எளிய மாதிரிகளைத் தருவதாகச் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் மறுபடி பின்ன உட்கார்ந்தேன். இடது கையில் இரண்டு விரல் கோணலாகவே நின்றுவிட்டன. மற்ற விரல்களை வைத்து இரண்டு பெண்களையும் கரையேற்றினேன்.

தன் பேரைக் காப்பாற்ற நினைத்து, இன்னும் ஒரு நாள் தடவிப் பார்ப்போம் என்று அவர் சொல்லியிருந்தால், நானும் வாய் திறக்காமல் கையை நீட்டியிருப்பேன். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதருக்காக ஒரு ஜெபம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.