மாவில் கலந்த உப்பு

அடைமழையில் உப்புச் சட்டி நீர்விட்டிருக்கிறது. எழுந்து துடைக்கத் தெம்பில்லை. அதைப் பார்த்தாலே செத்துப்போன அப்பாவின் மேல் எரிச்சல்தான் வருகிறது.

அப்போது நான் சிறுபிள்ளை. மழை பொய்த்து, சாத்தான்குளத்தை விட்டு மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலை தேடி நடந்தே போனோம். சுமை குறைய அம்மா அரிசியை வறுத்து மாவாக இடித்தாள். வீடெல்லாம் வறுத்த வாசனை. வழியில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சாப்பாடு. உப்பைத் தனியாக முடிந்தாள்.

"எதுக்கு ரெண்டு மூட்டை? கலந்து கட்டுளா," என்றார் அப்பா.

"மலையில ஈரம் ஏறும்னு எங்கய்யா சொன்னாவ."

"அவரு பனையத் தவிர எந்த மலைய ஏறுனாரு?"

அவரே உப்பைக் கொட்டிக் கலந்தார். பாபநாசம் தாண்டி மலையேறியபின் மூடுபனி நாள்கணக்கில் விடவே இல்லை. உப்பு ஈரத்தை இழுத்து, மாவு பூசணம் பிடித்து நாறியது. வேறு சாப்பாடு கிடையாது. தம்பி அழுதான்.

"நீங்க கலந்தது, நீங்களே தின்னுங்க," என்றாள் அம்மா.

அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார். அம்மா மடியில் ஒளித்து வைத்திருந்த கருப்பட்டியை உடைத்து எங்களுக்குத் தந்தாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, அவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

ஒருவழியாக எழுந்து உப்புச் சட்டியைச் சாய்த்து நீரை வடிக்கிறேன். நானாக இருந்தால் அவருக்கு அந்தத் துண்டைக் கொடுத்திருக்க மாட்டேன்.