லாபிசில் காய்த்த முருங்கை

நான் பந்து பிடித்துப் பிழைத்தவன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ரப்பர் மரத்தில் பால் வெட்டத்தான் மலாயாவில் ஜொகூருக்கு வந்தேன். வந்து சேர்ந்தது பாலோ பக்கம் ஒரு ஜப்பான் தோட்டம். அங்கே துரையும் கணக்கெழுதும் கிராணிமார்களும் பேஸ்பால் ஆடுவார்கள். ஒருவன் பந்தை வீசுவான், ஒருவன் கட்டையால் அடிப்பான். அடிக்கிறவன் தவறவிட்டால், அவன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருப்பவன் பந்தைப் பிடிக்க வேண்டும். அந்த வேலை பார்த்தவர் காய்ச்சலோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். மூஞ்சி பெயர்ந்துபோகும் வேலைக்கு வேறு எவன் வருவான்? காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் வரிசையாக நின்ற எங்கள் கைகளைத் துரை பார்த்தார். பெரிய கை என்னுடையது.

பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இடது உள்ளங்கை முதலில் வீங்கியது, பிறகு மரத்துப்போனது. அதன்பின் எதுவும் வலிக்கவில்லை.

ஜப்பான் துரைமார்கள் தங்களுக்குள் ஆளை இரவல் கொடுத்துக்கொள்வார்கள், பக்கத்து வீட்டில் உலக்கை வாங்குவதுபோல. எந்தத் தோட்டத்துக்கு ஆட்டக்காரன் குறைகிறானோ அங்கே என்னை அனுப்புவார்கள். போன இடத்தில் வெட்டுவதற்கு மரமும் லயத்தில் ஓர் அறையும் உண்டு. போகச் சொன்னால் "போலே, துவான்" என்பேன். சரி துரை என்று அர்த்தம். மலாயில் எனக்கு நன்றாக வந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவள் புல்வெட்டுக்குப் போகிறவள். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒரே இடத்தில் இருந்து, தான் வைத்த முருங்கையில் தானே காய் பறிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பாலோவில் லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கைப் போத்து நட்டாள். துளிர் விட்டது. உலு திராமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் நட்டாள். ஆள் உயரம் வந்தது. லாபிசுக்குப் போகச் சொன்னார்கள்.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்பாங்க. இப்படி விட்டுட்டு ஓடியா வளர்ப்பாங்க?" என்றாள், தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே.

"லாபிஸ்தான் கடைசி" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

லாபிசில் ஒரு நாள், கட்டை நுனியில் பட்டு விலகிய பந்து என் வலது கட்டைவிரலை ஒடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். விரல் கோணலாகவே சேர்ந்தது. கட்டோடு வீட்டுக்கு வந்தால் பாயச வாசனை. புருஷன் விரல் ஒடிந்ததற்குப் பாயசம் வைத்த பொம்பளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"இனிமே ஒருத்தனும் உங்கள இரவல் கேக்க மாட்டாங்கல்ல" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் துரை என்னை விடவில்லை. பிடிக்க முடியாவிட்டால் என்ன, சொல்லிக்கொடு என்றார். புதிதாக வந்த கிராணிகளை வெயிலில் குந்தவைத்துக் கத்தினேன். கண்ணை மூடாதே, பந்து உன்னைத் தின்றுவிடாது. என் வாய்க்குப் பயந்தே நன்றாக ஆடினார்கள். பக்கத்துத் தோட்டங்களை வரிசையாக ஜெயித்தோம். அங்கேதான் வந்தது வினை. உலு திராம் துரை என்னைக் கேட்டு ஆளனுப்பினார். லாபிசில் அவள் நட்ட முருங்கை அப்போதுதான் பூத்திருந்தது.

"வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சா?" என்றாள் என் மனைவி. "நீங்க துரைகிட்ட என்ன சொன்னீங்க?"

"போலேன்னுதான்."

அவள் சண்டை போடவில்லை. பெட்டியில் என் துணியை மட்டும் அடுக்கினாள். "தோட்டத்து ஆள் கணக்குல, செக்ரோல்ல, என் பேரும் இருக்கு. எனக்கு இங்கேயே வேலை இருக்கு. நீங்க போங்க. நான் காய் பறிச்சிட்டு வர்றேன்."

காய்க்கும் பருவம் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. அவள் வரவில்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன், உலு திராம் ஜெயித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. சோறு தின்றேன், தூங்கினேன். ஒரு காலை, ஆட்டம் நடுவில் கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. துரையிடம் போய் வேலை வேண்டாம் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

லாபிசில் மரம் லயத்துக் கூரையைத் தாண்டியிருந்தது. சரம் சரமாகக் காய். பெட்டியை அதன் அடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "வாங்க" என்றாள். கைகால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். நாங்கள் எப்போதும் மங்குத் தட்டில்தான் சாப்பிடுவோம். அன்று வாழை இலை போட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பார், பொரியல், அப்பளம். விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் எட்ட நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள்.

காய் நல்ல சதைப்பற்று. சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

பிறகு கேட்டாள், "எந்த ரயிலுக்குத் திரும்பணும்?"

பெட்டி வாசலுக்கு நேரே, மரத்தடியில் இருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். இல்லை, வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுகையாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"சாயங்கால ரயிலுக்கு" என்றேன்.

"சரி" என்றாள். காயில் ஒரு கட்டு எடுத்து வாழைநாரில் சுற்றிக் கொடுத்தாள்.